கம்பத்துத் திராட்சைக்காரரோடு லாங்கே மலைச்சரிவுகளில்

இத்தாலிக்கு வருகிறோம், ஒயின் விளையும் கிராமப்புறம் ஏதாவது பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்கிற நண்பர்கள் பெரும்பாலும் டஸ்கனியை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். டஸ்கனி அழகுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டூரினில் வேலை பார்க்கும் நான் எல்லோருக்கும் சொல்வது லாங்கே. வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா என்ற ஊரைச் சுற்றியுள்ள மலைத்தொடர். ஒயின் குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டார், சுத்த சைவம். அவருக்கே அந்த ஊர் பிடித்துப்போனது. அப்பாவுக்கோ கிளம்பவே மனமில்லை. அவர் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம் பந்தல் போட்டு பன்னீர் திராட்சை வைத்திருக்கிறவர். அவரோடு போனதால்தான் லாங்கேயை ஒரு விவசாய பூமியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அப்படிப் பார்த்தால்தான் அந்த அழகு முழுசாகப் பிடிபடும் என்பது என் அழுத்தமான கருத்து.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். பரோலோ ஒயினைப் பதினொரு கிராமங்களின் எல்லைக்குள் விளைந்த திராட்சையில் மட்டும்தான் செய்யலாம். பரோலோ, லா மோர்ரா, செர்ராலுங்கா, மோன்ஃபோர்ட்டே, காஸ்டில்யோனே ஃபல்லெட்டோ இவையெல்லாம் அதில் வரும். ஆல்பாவுக்குக் கிழக்கே பார்பரெஸ்கோ, நெய்வே, த்ரெய்சோ. இரண்டு பக்கமும் ராஜா நெபியோலோ என்ற ஒரே கருந்திராட்சைதான். ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் ஒரு கிராமம், நடுவில் ஒரு கோட்டையோ கோபுரமோ, கீழே சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கொடிகள். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே ஆல்ப்ஸ் மலை, அதில் 3,841 மீட்டர் உயர மோன்விசோ சிகரம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 2014ல் யுனெஸ்கோ இந்தத் திராட்சை நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது காட்டையோ மலையையோ அல்ல, மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவாத்து பண்ணி, மண் அணைத்து உருவாக்கிய தோட்டங்களை. இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

எப்போது போவது? மே, ஜூனில் எல்லாம் பச்சை, பகல் நீளம், கூட்டம் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் மதிய வெயில் நம்மூர் வெயிலுக்குக் குறையாது, கொடி வரிசைகளுக்கு நடுவே ஒதுங்க நிழலும் கிடையாது. செப்டம்பரில் அறுவடை ஆரம்பிக்கும். முதலில் டோல்செட்டோ, பிறகு பார்பெரா, கடைசியாக நெபியோலோ, அது பெரும்பாலும் அக்டோபர் வரை இழுக்கும். அக்டோபர் கடைசியில் இலையெல்லாம் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறும், படம் எடுக்கிறவர்கள் குவிவது அப்போதுதான். ஆனால் அதுவேதான் வெள்ளை ட்ரஃபிள் காளான் சந்தை நடக்கும் காலமும், அக்டோபரில் தொடங்கி டிசம்பர் ஆரம்பம் வரை வார இறுதிகளில் ஆல்பாவில் கால் வைக்க இடமிருக்காது, அறை வாடகை எகிறிவிடும். நாங்கள் அக்டோபர் தொடக்கத்தில் வார நாட்களாகப் பார்த்துப் போனோம். அறுவடையும் பார்த்தோம், கூட்டத்திலும் சிக்கவில்லை. காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி படிந்துவிடும். பத்து, பதினொரு மணி வரை அவசரப்படாமல் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும். அதற்கு முன்னால் மலையுச்சிக்கு ஓடி ஒன்றும் தெரியவில்லையே என்று நிற்க வேண்டாம்.

போக்குவரத்து. டூரினிலிருந்து ஆல்பாவுக்கு ப்ரா வழியாக ரயில் இருக்கிறது. ஆல்பாவிலிருந்து கிராமங்களுக்குப் பேருந்து சொற்பம், ஞாயிற்றுக்கிழமை நம்பிப் போக முடியாது. டாக்சியும் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தனியாகவோ ஜோடியாகவோ வருகிறவர்கள் ஆல்பாவில் தங்கி மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுப்பது நல்லது. மேடு பள்ளம் அதிகம் என்பதால் சாதா சைக்கிள் வேண்டவே வேண்டாம். வயதானவர்களோடு வந்தால் கார்தான். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டு வர வேண்டும், இரண்டும் கையில் இருக்க வேண்டும். சின்ன கார் எடுங்கள். மலைப்பாதையில் எதிரே திராட்சைப் பெட்டி ஏற்றிய டிராக்டர் வரும், அவர்களுக்கு அது வேலை நேரம், நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஊருக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்ட பலகை இருந்தால் அது உள்ளூர் வண்டிகளுக்கு மட்டுமான பகுதி, கேமரா படம் பிடித்து மாதங்கள் கழித்து வீட்டுக்கு அபராதம் வரும். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். தரையில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் நமக்கில்லை. சில இடங்களில் இலவசம் என்றாலும் வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும், வாடகைக் காரில் அது இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள்.

குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி இரண்டாவது பேச்சே கிடையாது. இங்கே வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு பூஜ்யம். என் கணவர் ஓட்டினார், அவர் எதையும் தொடவில்லை. அந்தச் சாலைகளின் வளைவுகளைப் பார்த்தால் சட்டமே இல்லாவிட்டாலும் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

தங்குவதற்கு ஹோட்டலை விட விவசாயிகளே நடத்தும் பண்ணை வீடுகளைத்தான் சிபாரிசு செய்வேன், அதிலும் சமையலறை உள்ளதாகப் பார்த்து. அம்மா மாதிரி சைவக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். பீட்மாண்டின் சாப்பாடு உலகப் புகழ் பெற்றதுதான், ஆனால் கவனமில்லாவிட்டால் தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. சின்னச் சின்ன முடிச்சாக வரும் அன்யொலோட்டிக்குள் இறைச்சிப் பூரணம். காய்கறியைத் தோய்த்துச் சாப்பிடும் பான்யா காவ்தா பூண்டும் எண்ணெயும்தான் என்று நினைப்போம், அதில் நெத்திலி மாதிரியான மீன் கரைந்திருக்கும். வறுத்த குடைமிளகாய் மேலும் அதே மீன் உட்கார்ந்திருக்கும். அதனால் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. கறி வேண்டாம், மீன் வேண்டாம், எலும்புச் சாறும் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்கள் என்றால் தயாரின் என்ற மெல்லிய சேமியாவை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொல்லலாம், மஞ்சள் கரு நிறையச் சேர்த்துப் பிசைந்த மாவு அது. முட்டையும் ஆகாதவர்களுக்கு உருளைக்கிழங்கு நியோக்கியில் சீஸ் குழம்பு ஊற்றித் தருவார்கள், மாவில் முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டு, இரண்டரைக்குள் முடிந்துவிடும். மூன்று மணிக்குப் போய்க் கெஞ்சினாலும் அடுப்பு எரியாது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கடையே மூடியிருக்கும், அதுவும் கடைக்குக் கடை வேறு நாள், அதனால் போன் பண்ணிவிட்டுப் போங்கள். அம்மாவோ பாதி நாள் பண்ணை வீட்டிலேயே சோறு வடித்துவிட்டார். பீட்மாண்டே நெல் விளையும் மாநிலம் என்பதும் வெர்செல்லி பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான் என்பதும் அவருக்கு ஆச்சரியமான செய்தி. இந்த ஊர் அரிசி கொஞ்சம் குழையும், தயிர்ச் சோற்றுக்கு அருமையாக இருக்கிறது.

சரி, நடைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் லாங்கேயில் காரை விட்டு இறங்காதவர்கள் லாங்கேயைப் பார்க்கவில்லை. பரோலோவும் லா மோர்ராவும் எதிரெதிரே இருக்கின்றன. லா மோர்ரா உயரம், பரோலோ பள்ளம். பெரியவர்கள் இருந்தால் லா மோர்ராவில் தொடங்கி இறங்குவது போல் வழியை அமைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுகிறவர் காரைக் கீழே கொண்டுவந்துவிடலாம். லா மோர்ராவின் உச்சியில் கோட்டைச் சதுக்கத்திலிருந்து பார்த்தால் பரோலோ நாடு மொத்தமும் காலடியில் விரியும். அங்கிருந்து தோட்டங்களுக்கு நடுவே இறங்கினால் ப்ரூனாத்தே என்ற சரிவில், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வண்ணம் தீட்டிய ஒரு குட்டிக் கட்டிடம் வரும். பரோலோ சாப்பல் என்கிறார்கள். 1914ல் கட்டியது, ஆனால் பூசை நடந்த கோயில் அல்ல, தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் மழைக்கும் ஆலங்கட்டிக்கும் ஒதுங்குவதற்கான இடம். பாழடைந்து கிடந்ததை 1999ல் சால் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரண்டு ஓவியர்கள் உள்ளும் புறமும் வண்ணமயமாக்கினார்கள். வண்ணத்தைப் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். அம்மா மட்டும் உள்ளே நின்று, மழை வந்தால் எத்தனை பேர் நிற்க முடியும் என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். லா மோர்ராவுக்கே உரிய இன்னொரு அடையாளம், மோன்ஃபல்லெட்டோ குன்றின் மேல் குடை விரித்தாற்போல் நிற்கும் லெபனான் தேவதாரு மரம். 1856ல் ஒரு தம்பதி தங்கள் கல்யாண நினைவாக நட்டது. தொலைவிலிருந்தே தெரியும், வழி தப்பினால் அதை வைத்துத் திசை பிடிக்கலாம்.

மழை பெய்த மறுநாள் மட்டும் தோட்டப் பாதைகளில் இறங்காதீர்கள். இந்த மண் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் களிமண், நனைந்தால் செருப்படியில் அப்பை அப்பையாக ஒட்டிக்கொண்டு காலைத் தூக்க முடியாது, சரிவில் வழுக்கவும் செய்யும். அப்படிப்பட்ட நாட்களில் மலைமுகட்டுத் தார்ச்சாலைகளில் நடக்கலாம், காட்சி அங்கேயும் ஒன்றும் குறைவில்லை. குறிபோட்ட நடைபாதைகளில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வரிசைக்குள் புகுவதும் ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போடுவதும் கூடாது. ஒரு வருட உழைப்பின் கூலி அந்தக் குலையில் தொங்குகிறது. கூடவே, மருந்து அடித்த பழம் அது.

மருந்து என்றதும் அப்பா முதலில் கவனித்தது அதைத்தான். செர்ராலுங்காவுக்குக் கீழே ஒரு பாதையோரம் இலைகளில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது மயில்துத்தம்ல?" என்றார். ஆமாம், அதே போர்டோ கலவை, அதே மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) சுண்ணாம்பும், திராட்சை இலையில் வரும் அதே அடிச்சாம்பல் நோய்க்குத்தான். பிறகு அவரை நகர்த்த முடியவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கொடியை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். பந்தல் கிடையாது, மனித உயரத்துக்குக் கம்பி கட்டி, தண்டிலிருந்து ஒரே ஒரு கிளையை விட்டு, அதைக் கம்பியோடு வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கிளையில் துளிர் விடும் கண்கள் பத்துக்குள்தான். மற்ற எல்லாவற்றையும் குளிர்காலக் கவாத்தில் வெட்டிவிடுகிறார்கள். வளைத்துக் கட்டியிருந்தது கயிறோ கம்பியோ அல்ல, காய்ந்த குச்சி ஒன்று, இரண்டு முறுக்கு முறுக்கி நுனியைச் செருகியிருந்தது.

அப்போதுதான் அந்தத் தோட்டத்துக்காரர் மேலே இருந்து இறங்கி வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும், கையில் வெட்டுக் கத்திரி. யார், என்ன என்று கேட்டார், அப்பாவும் திராட்சை விவசாயி என்று நான் சொன்னதும் முகமே மாறிவிட்டது. வரிசை முடிவில் நின்ற ஒரு குட்டை மரத்தைக் காட்டினார், தலையை மொட்டையாக வெட்டிவிட்ட வில்லோ மரம். அதன் மெல்லிய குச்சிகளைக் குளிர்காலத்தில் வெட்டி ஈரமாக வைத்திருந்து, அதைக் கொண்டுதான் கிளை கட்டுவாராம். இப்போது பலரும் பிளாஸ்டிக் நாடாவுக்கு மாறிவிட்டார்கள், எனக்கு இதுதான் கைக்குப் பழக்கம் என்றார். போன வசந்தத்தில் கட்டியதைப் பிரித்து, மறுபடி எப்படி முறுக்குவது என்று அப்பாவின் கண் முன்னால் மெதுவாகச் செய்து காட்டினார். காய்ந்த குச்சி பாதியில் ஒடிந்தது, ஆனால் முறுக்கு புரிந்துவிட்டது. அப்பா பதிலுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, எங்கள் ஊரில் கொடி இவ்வளவு உயரத்தில், நாங்கள் அடியில் நடப்போம், குலை தலையில் இடிக்கும் என்று சைகையில் சொன்னார். கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும், கவாத்தை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மகசூல் எடுப்போம் என்பதை நான் மொழிபெயர்த்தபோது, பெரியவர் என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். இவருக்கு வருடத்துக்கு ஒன்றே ஒன்று, ஆலங்கட்டி விழுந்தால் அதுவும் போச்சு.

அளவு விஷயத்தில்தான் அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. பரோலோவுக்கு ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் அறுவடை எடுக்கக் கூடாது என்று விதி. ஏக்கர் கணக்கில் மூன்று டன்னும் சொச்சமும். பந்தலில் அதைப் போல் பல மடங்கு காய்க்கும். கோடையில் நல்ல குலைகளையே வெட்டித் தரையில் போட்டுவிடுவார்கள், மிச்சமிருப்பதில் ருசி ஏற வேண்டும் என்பதற்காக. "அம்புட்டுத்தானா? காய்ச்சதை வெட்டிக் கீழ போட எப்படித்தான் மனசு வருது?" என்று அப்பா கேட்டதைப் பெரியவரிடம் சொன்னேன். என் தாத்தாவும் அதையேதான் கேட்டிருப்பார், அந்தக் காலத்தில் எடைக்குத்தான் காசு என்றார். ஒரு காலத்தில் இங்கே பஞ்சம் பிழைக்க முடியாமல் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக டூரின் கார் தொழிற்சாலைக்குப் போனார்கள். இன்றைக்கு பரோலோவில் நல்ல தோட்டம் ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவைத் தாண்டுகிறது.

தெற்கு பார்த்த சரிவில் நெபியோலோ, கொஞ்சம் வெயில் குறைந்த இடத்தில் பார்பெராவோ டோல்செட்டோவோ, வடக்கு பார்த்த சரிவிலும் அடிப்பள்ளத்திலும் ஹேசல்நட் தோப்போ காடோ, இந்த அடுக்கைப் புரிந்துகொண்டால் எந்த மேட்டில் நின்றாலும் நிலத்தைப் படிக்கலாம். குளிர்காலத்தில் பனி எங்கே முதலில் உருகுகிறதோ அந்த இடம்தான் நல்ல தோட்டம் என்று பழைய ஆட்கள் கணக்குப் பண்ணினார்களாம். ஹேசல்நட்டும் சும்மா இல்லை. 1946ல் ஆல்பாவில் தொடங்கிய ஃபெரேரோ நிறுவனம் அந்தக் கொட்டையை வைத்துத்தான் 1964ல் நியூட்டெல்லாவைக் கொண்டுவந்தது. சில நாட்களில் ஆல்பா தெருவிலேயே வறுத்த கொட்டையும் சாக்லேட்டும் கலந்த வாசம் அடிக்கும்.

அறுவடை செய்யும் கூட்டத்தையும் பார்த்தோம். சரிவு செங்குத்து என்பதால் எல்லாம் கையால்தான், சின்னப் பெட்டிகளில் பழம் நசுங்காமல் அடுக்குகிறார்கள். வேலை செய்கிறவர்களில் மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. அவர்களைக் கூலி ஒப்பந்தக்காரர்கள் சுரண்டிய வழக்குகள் சமீப வருடங்களில் ஆல்பா பக்கம் வெளிவந்து பெரிய பேச்சானது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் அது நடப்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. உழைப்பைப் படம் எடுக்கும்போது அனுமதி கேளுங்கள், அவர்கள் காட்சிப் பொருள் அல்ல.

ஒயின் கிடங்குகளுக்குப் போவதைப் பற்றி. சும்மா போய்க் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள். வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்க வேண்டும், சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். சுவைத்துப் பார்க்கக் கட்டணம் உண்டு. அறுவடைக் காலத்தில் சின்னக் குடும்பங்கள் பலவும் ஆட்களை எடுப்பதே இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும், அதற்கு மேல் நாக்கு மரத்துவிடும். குடிக்காதவர்களும் உடன் வருகிறார்கள் என்று முன்பே எழுதிவிடுங்கள், நாங்கள் போன இடத்தில் அம்மா, அப்பா இருவருக்கும் கட்டணமே வாங்கவில்லை. சுவைத்துவிட்டுத் துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்கள், துப்புவது மரியாதைக் குறைவு கிடையாது, தொழில்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். கிடங்கில் கேட்க வேண்டியது காலக்கணக்கு. பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோ ஊர்ப்பக்கத்து ஒயினுக்கு 26 மாதம். இன்று பறித்த பழம் காசாவதற்கு மூன்று வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதைக் கேட்டு, சாயங்காலமே சந்தைக்கு அனுப்பிப் பழகிய அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நேரம் வாங்காமல் போகக்கூடிய இடம் வேண்டுமென்றால் பார்பரெஸ்கோவுக்குப் போங்கள். வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தை ஒயின் கூடமாக மாற்றியிருக்கிறார்கள், பல குடும்பங்களின் ஒயினைக் கோப்பைக் கணக்கில் வாங்கிப் பார்க்கலாம். பக்கத்திலேயே 36 மீட்டர் உயரப் பழைய கோபுரம், உள்ளே லிஃப்ட் இருக்கிறது, முட்டி வலிக்காரர்களும் ஏறலாம். மேலிருந்து தனாரோ ஆறு வளைந்து போவது தெரியும். இந்த ஊரின் கதை அப்பாவுக்கு மிகவும் பிடித்தது. முன்பெல்லாம் விவசாயிகள் பழத்தை ஆல்பா சதுக்கத்துக்குக் கொண்டுபோய் நிற்பார்கள், தரகர் சொன்னதுதான் விலை, சாயங்காலமானால் அழுகிவிடுமே என்று கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். 1958ல் அந்த ஊர்ப் பாதிரியார் ஃபியொரீனோ மரெங்கோ 19 விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவு தொடங்கினார். முதல் சில வருட ஒயினைத் தேவாலயத்தின் நிலவறையிலேயே செய்தார்கள். இன்றைக்கு அதில் 50க்கும் மேற்பட்ட குடும்பங்கள், உலகம் முழுக்கப் பெயர். தரகர் கதை கம்பத்துக்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. நம் பக்கத்துப் பன்னீர் திராட்சையும் 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததுதான் என்பார்கள், 2023ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே பேர் மட்டுமா வந்தது, விலையும் வந்திருக்கே, நமக்கு எப்போது என்பதுதான் அன்று இரவு முழுக்க அப்பாவின் பேச்சு.

பாட்டில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கழுத்தில் எண் அச்சிட்ட அரசு முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1986ல் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அந்த ஒயின் வெளியே போனது இந்த லாங்கேயின் ஓரத்து ஊர் ஒன்றிலிருந்துதான். மெத்தனால் என்ன செய்யும் என்று நம்மவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு கண்காணிப்பை இறுக்கினார்கள், அளவை விட்டுத் தரத்தின் பக்கம் மொத்தத் தொழிலும் திரும்பியது. இந்தியாவுக்கு ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம், பெட்டிக்குள் நன்றாகத் துணி சுற்றி வையுங்கள்.

இலையுதிர்காலத்தில் காட்டோரம் நடப்பவர்கள் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வேட்டைக் காலம் அது. செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்க வேட்டைக்குத் தடை, அதனால் காட்டு நடையை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு அந்தக் கிழமைகளைக் கேட்டதும் பரம திருப்தி. ட்ரஃபிள் சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், கடையில் கிராம் கணக்கில் விலை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சீவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, குறைந்த கிராமுக்குப் பணம் வாங்குவார்கள். விலை கேட்பதில் வெட்கம் வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் தெற்கே இன்னும் உயரமான ஆல்டா லாங்கா பக்கம் போங்கள். கொடிகள் குறைந்து, ஹேசல்நட் தோப்பும் கல் அடுக்கிய வரப்புகளும் புல்வெளியுமாக ஊர் மாறும், போஸ்ஸொலாஸ்கோ, முரஸ்ஸானோ மாதிரி அமைதியான கிராமங்கள், செம்மறியாட்டுப்பால் சீஸ், கூட்டமே இல்லை.

அப்புறம், பந்தல் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதுவும் பீட்மாண்டில் இருக்கிறது. டூரினுக்கு வடக்கே, ஆவோஸ்டா பள்ளத்தாக்கின் வாசலில் கரேமா என்ற ஊர். லாங்கேயில் பார்த்த அதே நெபியோலோதான், ஆனால் செங்குத்து மலையில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பருத்த தூண்கள், மேலே மரச்சட்டம், அதன் மேல் கொடி. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரிக் குளிரில் கொடிக்குச் சூடு கொடுப்பது அந்தத் தூண்கள்தான். டூரினிலிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணம், ஊருக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறினால் பந்தலுக்கடியிலேயே நடக்கலாம். அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அங்கே கூட்டிப்போனோம். தூணைத் தட்டிப் பார்த்தார், சுற்றளவைக் கையால் அளந்தார், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று காலால் நடந்து பார்த்து என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். லாங்கேக்கு வருகிறவர்களில் விவசாயக் குடும்பத்து ஆட்கள் யாராவது இருந்தால், கரேமாவுக்கு அரை நாள் ஒதுக்கிவிடுங்கள்.